எழுத்து கற்பித்த பாடங்கள்



கல்வி என்பது கல்லூரிச் சுவர்களுக்குள் மட்டும் கிடைப்பதன்று என்று மேடைதோறும் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டு அச்சொல்லின் கூர் மழுங்கிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை எனக்கும் அது வெறுஞ் சொல்லாகவே இருந்தது. பிறகு ஒரு பேனர், ஒரு பெயர்ப் பதிவேடு, ஓர் எழுத்து அட்டை ஆகிய மூன்றும் எனக்கு ஆசிரியர்களாக வந்து சேர்ந்தன. அவை கண்டித்துச் சொன்ன பாடங்களை உங்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வேதியியலில் முதுநிலைப் பட்டத்திற்குப் பயிலும் மாணவன். வயது 23. பிழைப்புத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்த குடும்பம். வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். பெயரில் மாட்டுங்கா இருந்தாலும் இடம் தாராவியைச் சேர்ந்தது என்பதை இவ்வூர்த் தமிழர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலில் ஆய்வுக்கூடம், மாலையில் நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் ஒரு பேனர் கடை. அங்கே எனக்கு இளநிலை வடிவமைப்பாளன் என்று பெயர். பெயர்தான் பெரிது, வேலை, வருகிறவர் சொல்வதைத் தட்டச்சு செய்து, படம் சேர்த்து, அச்சுக்கு அனுப்புவது. கல்லூரிக் கட்டணத்திற்காகத்தான் சேர்ந்தேன். ஆனால் கூலிக்குச் செய்த வேலையைக் காட்டிலும், அதன் ஓரத்தில் ஆசைக்காகச் செய்த சில சிறு வேலைகளே எனக்கு மிகுதியாகக் கற்பித்தன.

தெருவே பாடநூல்

எங்கள் தெருவில் தமிழ், மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிகளின் எழுத்துகளும் ஒரே பார்வையில் தென்படும். சிறுவனாக இருந்தபோது இவற்றை நான் எழுத்துகளாகப் பார்த்ததில்லை. தெருவின் நிறங்களாகவே பார்த்தேன்.

இதே லேபர் கேம்ப்பில் வாழ்ந்தவர் மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவு சாத்தே. 1920-இல் பிறந்து 1969-இல் மறைந்தவர். தீண்டாமைக்குட்பட்ட குலத்தில் பிறந்த அவர் பள்ளியில் பயின்றது ஒன்றரை நாள்தான் என்று சொல்வார்கள். மும்பைக்கு வந்தபின் கடைப் பலகைகளையும் திரைப்பட விளம்பரங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்தே அவர் வாசிக்கக் கற்றார் என்பது மராத்தியர் பெருமையோடு கூறும் செய்தி. அப்படி எழுத்தறிந்தவர் 1959-இல் ‘ஃபகிரா’ என்னும் நாவலைப் படைத்துப் புகழ் பெற்றார்.

இச்செய்தியை அறிந்த நாள் முதல் கடைப் பலகை எனக்குக் கடைப் பலகையாகத் தெரியவில்லை. பள்ளி செல்ல இயலாத ஒருவர்க்கு அதுவே முதற் பாடநூல் ஆகலாம். அதை எழுதுகிறவன், தான் அறியாமலே ஓர் ஆசிரியன். ஆசிரியன் தவறு செய்தால் என்ன ஆகும் என்பதை விரைவிலேயே தெரிந்து கொண்டேன்.

முதற் பாடம்: ஒலியின் வரிசையும் உருவின் வரிசையும்

எங்கள் பக்கத்து அம்மன் கோயில் கொடைக்கு ஒரு பேனர் வேண்டும் என்றார்கள். ‘என் கைவேலையாக இருக்கட்டும்’ என்று நானே முன்வந்தேன். வீட்டில் இருந்தபடி கைப்பேசியில் வாசகங்களைத் தட்டச்சு செய்து, இரவில் கடையின் கணிப்பொறியில் இருந்த பழைய வரைபடச் செயலியில் ஏற்றினேன். அம்மன் படத்தைச் சுற்றி ஒளிவட்டம் அமைப்பதிலேயே என் கவனமெல்லாம் போயிற்று. எழுத்தைப் பார்த்தேன், படிக்கவில்லை.

விடிந்ததும் பேனர் தெருமுனையில் ஏறியது. கொம்பு முன்னே நிற்க வேண்டிய இடத்தில் பின்னே நின்றது. ‘கொடை’ என்னும் சொல்லில் ‘க’ தனியாகவும், அதன் பின் ஒரு கொம்பும் காலும் ஒட்டிக்கொண்டும், ‘ட’வைக் கடந்து ஐகாரக் கொம்பு அனாதையாகவும் கிடந்தன. நிதி கொடுத்தோர் பெயர்ப் பட்டியலும் அவ்வாறே. பெரியவர் ஒருவர் என்னை அழைத்தார்.

“ஏய்யா, நீ படிச்ச புள்ளதானே? இதை வாசிச்சுக் காட்டு பாப்போம்” என்றார்.

என்னால் வாசிக்க இயலவில்லை. மூட்டை தூக்கியும் தோல் பதப்படுத்தியும் சேர்த்த காசில் வரி கொடுத்தவர்கள் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் பேனருக்கு என் கூலியிலிருந்து பணம் கட்டினேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கைப்பேசியில் நன்றாகத் தெரிந்த எழுத்து, கடையில் ஏன் சிதறிற்று?

விடை இதுதான். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் வழங்கும் ஏற்பாடு யூனிகோடு எனப்படும் ஒருங்குறி. 1991-இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. தமிழுக்கென 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நம் எழுத்துகளோ 247. எல்லாவற்றுக்கும் தனியெண் இல்லை. உயிர்கள், அகரமேறிய மெய்கள், கால், கொம்பு, புள்ளி முதலிய குறிகள் ஆகியவற்றுக்கே எண் உண்டு. மற்றவை கூட்டிப் பெறப்படும்.

‘கொடை’ என்னும் சொல்லைக் கணிப்பொறி 2965, 3018, 2975, 3016 என்னும் நான்கு எண்களாகச் சேமிக்கிறது. முதலில் க, அடுத்து ஒகரக் குறி, பிறகு ட, இறுதியில் ஐகாரக் குறி. அதாவது, நாம் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. எழுதும் வரிசை வேறு. ஒகரக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்த வேண்டும். ஐகாரக் கொம்பை ‘ட’வுக்கு முன்னே கொண்டுவர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது செயலியின் உள்ளே இருக்கும் எழுத்தமைப்புப் பகுதியும், எழுத்துருவுக்குள் எழுதப்பட்டிருக்கும் விதிகளுமே. அவை இரண்டும் இசைந்தால் எழுத்துக் கூடும். பழைய செயலியில் அப்பகுதி இல்லையென்றால், எண் வந்த வரிசையிலேயே உருவங்கள் கொட்டப்படும். என் பேனரில் நிகழ்ந்தது அதுவே.

வேதியியல் மாணவர்க்கு இது புதிதன்று. எத்தில் ஆல்கஹாலுக்கும் டைமெத்தில் ஈதருக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே: கரியணு 2, நீரியவணு 6, உயிரியவணு 1. அணுக்களின் அடுக்கு மாறியதால் ஒன்று சாதாரண வெப்பநிலையில் திரவம், மற்றொன்று வாயு. உறுப்புகள் எல்லாம் இருந்தால் போதாது. அடுக்கும் சரியாக இருக்க வேண்டும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அம்மன் கோயில் வாசலில்தான் அது எனக்குப் புரிந்தது.

இரண்டாம் பாடம்: கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு

தாராவியில் ஊர்ச் சங்கங்கள் பல உண்டு. எங்கள் ஊர்ச் சங்கத்தில், மாதந்தோறும் சிறு தொகை கட்டிய உறுப்பினர் இறந்தால் குடும்பத்திற்கு உதவித் தொகை கொடுப்பது வழக்கம். பதிவேடு, கரையான் அரித்த ஒரு நீள நோட்டு. அதைக் கணிப்பொறியில் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எனக்குத் துணையாக இரு பள்ளி மாணவர்களும் தட்டச்சு செய்தார்கள். இரண்டு மாதங்களில் வேலை முடிந்தது. பெயரைத் தட்டினால் கணக்கு வந்து நிற்கும். எனக்குப் பெருமை தாளவில்லை.

அடுத்த சந்தில் இருந்த அக்கா ஒருவர், கணவர் இறந்த பத்தாம் நாள் சங்கத்திற்கு வந்தார். நான்தான் கணிப்பொறி முன் இருந்தேன். கணவர் பெயர் ‘கௌ’ என்னும் எழுத்தில் தொடங்குவது. தட்டினேன், இல்லை. மீண்டும் தட்டினேன், இல்லை. “அக்கா, பேரு இல்லையே, நாளைக்கு வாங்க, பாக்கலாம்” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

இரவில் பழைய நோட்டைப் புரட்டினேன். பெயர் இருந்தது. இருபது ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் கட்டியிருந்தார். கணிப்பொறிப் பட்டியலை வரிவரியாகக் கண்ணால் படித்தேன். அங்கேயும் பெயர் இருந்தது! தேடினால்தான் அகப்படவில்லை.

‘கௌ’ என்பதைத் தட்டச்சு செய்த மாணவன், ‘கெ’ என்று அடித்து அடுத்து ‘ள’ அடித்திருக்கிறான். அவன்மேல் தவறில்லை, ஔகாரக் குறியின் பின்பகுதி பார்வைக்கு ளகரம் போலவே இருக்கிறது, அவன் கண்டபடி எழுதினான். தாளில் இரண்டும் ஒன்றே. கணிப்பொறியிலோ முறையான ‘கௌ’ 2965, 3020 என்னும் இரண்டு எண்கள். அவன் அடித்தது 2965, 3014, 2995 என்னும் மூன்று எண்கள். குடுவையில் நிறமற்ற திரவம் இரண்டு இருந்தால் கண்ணால் கண்டு நீர் எது, அமிலம் எது என்று சொல்ல முடியுமா? சோதித்தல்லவா பார்க்க வேண்டும்?

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்திற்குப் போகாமல் அந்த அக்கா வீட்டிற்குப் போனேன். தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“தம்பி, பேரு இல்லேன்னதும் காசு போச்சேன்னு தோணலய்யா. இத்தன வருசம் இந்த ஊருல இருந்த மனுசன், இல்லவே இல்லேன்னு ஆயிட்டாரோன்னு இருந்துச்சு.”

அன்று முதல் எழுத்துப் பிழை என்பது மதிப்பெண் குறைவதற்கான காரணம் மட்டுமே என்று நான் நினைப்பதில்லை.

பிழையைக் களைய ஒரு சிறு நிரல் எழுதத் தொடங்கினேன். ‘கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரமாக மாற்று’ என்பது முதல் விதி. அது ‘வெள்ளி’யைக் கெடுத்தது, ‘தெளிவு’ தெளிவிழந்தது, ‘கெளுத்தி’ மீன் செத்தது. அப்போதுதான் இலக்கணம் கைகொடுத்தது. ஔகாரக் குறியின் மேல் வேறு உயிர்க்குறியோ புள்ளியோ ஏறாது. ஆகவே ளகரத்தின்மேல் இகரம், உகரம், புள்ளி போன்ற ஏதேனும் இருந்தால் அது உண்மையான ளகரம், தொடாதே. ஒன்றும் இல்லையென்றால் ஐயத்துக்குரியது, குறித்து வை. குறித்தவற்றையும் எந்திரமே மாற்றிவிடலாகாது. பேச்சு வழக்கில் ‘வெளக்கு’ என்கிறோமே, அதை யாரேனும் அப்படியே எழுதியிருக்கலாம் அல்லவா? எனவே எந்திரம் ஐயுறும். மனிதன் முடிவு செய்வான். இந்த முறையில் பட்டியலைத் திருத்தியபோது இன்னும் சில பெயர்கள் மீண்டு வந்தன.

மூன்றாம் பாடம்: எழுத்துக்கும் வரலாறு உண்டு

மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்திவருகிறது. ஆயினும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுள் பலர் இந்தி வழியிலோ ஆங்கில வழியிலோ பயில்கின்றனர். அவர்களுக்காக ஞாயிறு தோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்கு ஓர் எழுத்து அட்டை வரையலாம் என்று தோன்றிற்று. பதிப்பில் உள்ள எழுத்துருவை எடுத்து ஒட்டாமல், நானே வரைவது என்று முடிவு செய்தேன்.

வரைந்தேன்; பூவும் கொடியுமாக வரைந்தேன். சுவரில் ஒட்டிய அன்று எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, “அண்ணா, இதெல்லாம் ஒரே மாதிரி இருக்கே!” என்றாள். அவள் காட்டியவை ணகரமும் னகரமும். அழகுக்காகச் சுழிகளை நெருக்கிவிட்டேன். மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்று பத்தடி தூரத்தில் தெரியவில்லை. லகர ளகர ழகரங்களும் அப்படியே. அழகைச் சேர்க்கப் போய் வேற்றுமையைக் கெடுத்திருந்தேன். எழுத்தின் முதற் கடமை மற்றோர் எழுத்தாகத் தோன்றாதிருத்தல் என்பதை அக்குழந்தையிடம் கற்றேன்.

அதன்பின் எழுத்துகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நாம் இன்று எழுதும் ஒவ்வொரு வளைவும், யாரோ ஒருவர் தம் வேலையின் நடுவே கண்ட இடையூற்றுக்குத் தேடிய விடை என்று தெரிந்தது.

ஓலைச் சுவடியில் புள்ளியிட்டால் ஓலை கிழியக்கூடும் என்பதால் புள்ளியை விட்டுவிடுவர். அதனால் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் மயங்கின. அவற்றைப் பிரித்துக் காட்ட உருவமாற்றம் செய்தவர் வீரமாமுனிவர் (1680–1747). அவர் இத்தாலியிலிருந்து வந்தது சமயப் பணிக்கு. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருந்த காலமும் உண்டு. இன்றும் பல எழுத்துருக்களில் ‘ர்’, ‘ரி’ ஆகியவற்றில் ரகரம் அடியிற் சாய்கோடு இல்லாமல் கால் போலவே நிற்பதை நீங்கள் காணலாம்.

அச்சுக்கு வருவோம். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுப்பணி தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியவையாக இருந்தன. தாள் மிகுதியாகச் செலவாயிற்று. தாளுக்குத் தட்டுப்பாடு. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். எழுத்தின் அளவைத் தாளின் விலை தீர்மானித்தது!

பின்னர்ப் பெரியார் 1935-இல் தம் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். இதழ் நடத்தி, அச்சுக் கோக்கும் தொல்லையை நேரில் கண்டவர் அவர். தனித்தனியே வார்க்க வேண்டியிருந்த ‘ணா, றா, னா, ணை, லை, ளை, னை’ முதலிய 13 எழுத்துகளை, ஏனைய எழுத்துகளைப் போல் குறி சேர்த்து எழுதும் முறையைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றது. வீட்டில் தாத்தா எழுதிய பழங் கடிதம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தும்பிக்கை வைத்த ‘லை’யைக் காண்பீர்கள்.

இவற்றைப் படித்தபின் என் அட்டையை மீண்டும் வரைந்தேன். பூவும் இல்லை, கொடியும் இல்லை. சுழிகளுக்கு இடைவெளி கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளிப் பிள்ளைகளை நிறுத்தி, எதை எதுவாகப் படிக்கிறார்கள் என்று நோட்டில் குறித்தேன். நான்காம் வரைவுதான் தேறிற்று.

இந்தப் பயிற்சி கடை வேலைக்கும் உதவிற்று. மராட்டிய மாநிலத்தில் 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, எல்லாக் கடைப் பலகைகளிலும் மராத்தி எழுத்து இருக்க வேண்டும், அது பிற மொழி எழுத்தினும் சிறிதாக இருத்தலாகாது என்றாயிற்று. தமிழும் மராத்தியும் ஒரே பலகையில் வரும்போது, மராத்தி எழுத்து மேற்கோட்டிலிருந்து தொங்கும். தமிழ் எழுத்து அடிக்கோட்டில் நிற்கும். இரண்டையும் எண்ணளவில் சமமாக வைத்தாலும் கண்ணளவில் சமமாவதில்லை. மராத்தியின் மேற்கோட்டையும் தமிழ் ‘ப’வின் தலையையும் ஒரே மட்டத்தில் நிறுத்திப் பார்த்து, பிறகு தடிப்பைச் சரி செய்வேன். கடைக்காரர்க்கு இந்தக் கணக்கு தெரியாது. பலகை பொருந்தியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். அது போதும்.

பவாயில் ஒரு முன்னோடி

இத்தகைய வேலையில் நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. தாராவியிலிருந்து சற்றுத் தொலைவில், பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969-இல் தொழில்துறை வடிவமைப்பு மையம் தொடங்கப்பட்டது. இந்திய எழுத்துகளின் உருவமைப்பில் பெயர் பெற்ற ஆர். கே. ஜோஷி (1936–2008) அங்கே பேராசிரியராக விளங்கினார். கள்ளக்குறிச்சியில் பிறந்த த. உதயகுமார் அங்கே மாணவராக வந்தார். அண்ணா பல்கலைக் கழகத்தில் 2001-இல் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர் அவர். கட்டடத்திலிருந்து எழுத்துக்கு வந்து, ‘பராசக்தி’ என்னும் தமிழ் எழுத்துருவை வடிவமைத்தார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வும் தமிழ் அச்செழுத்தைப் பற்றியதே.

2009-இல் இந்திய அரசு ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டும் என்று பொதுப் போட்டி அறிவித்தது. வந்தவை மூவாயிரத்திற்கும் மேல். இறுதிக்குத் தேர்ந்தவை ஐந்து. 2010 ஜூலை 15-ஆம் நாள் அமைச்சரவை ஏற்றது உதயகுமாரின் குறியீட்டை. தேவநாகரி ரகரத்தையும் தண்டு நீக்கிய உரோம எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இணைகோடுகள் அமைத்த அவ்வுருவம் அவ்வாண்டிலேயே ஒருங்குறியில் இடம் பெற்றது. 2011 முதல் நாணயங்களிலும் ஏறியது.

அந்தப் போட்டி அவருடைய ஆய்வேட்டின் பகுதி அன்று. ஆயினும் எழுத்தின் தலைக்கோட்டையும் தண்டையும் ஆண்டுக்கணக்கில் உற்று நோக்கிய கண்ணுக்கே அந்தத் தண்டை நீக்கும் துணிவு வந்திருக்கும் என்பது என் எண்ணம். முதன்மை வேலை ஓரத்து வேலைக்கு உரமாகிறது. ஓரத்து வேலை முதன்மை வேலைக்கு ஒளியாகிறது.

இன்று கற்பதற்கு வாய்ப்பும் மிகுதி. மும்பையின் ‘ஏக் டைப்’ குழுவினர் உருவாக்கிய ‘பலூ தம்பி’, ‘முக்தா மலர்’ ஆகியவையும், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த ‘கவிவனார்’ எழுத்துருவும் எவரும் இலவசமாகப் பயன்படுத்தத் தக்கவை. அவற்றைத் திறந்து, உள்ளே கொம்பும் காலும் எவ்வாறு கட்டப்பட்டுள்ளன என்று பார்க்கலாம். முன்பு அறிவியல் மாணவன் தவளையை அறுத்துப் பார்த்தது போலத்தான். இங்கே தவளை சாவதில்லை.

நாம் செய்யத் தக்கன

நண்பர்களே, என் சிறு அனுபவத்திலிருந்து நான்கு சொற்கள்.

ஒன்று: சிறிய வேலையாக எடுங்கள், ஆனால் யாரேனும் ஒருவர்க்கு உண்மையிலேயே தேவைப்படும் வேலையாக எடுங்கள். தேவைப்படுவோர் எதிரே நின்றால் நாம் ஏமாற்ற முடியாது.

இரண்டு: ஆய்வுக்கூடத்தில் நோட்டு வைப்பது போல, பிழைகளுக்கு ஒரு நோட்டு வையுங்கள். நாள், பிழை, காரணம், திருத்தம் என நான்கு கட்டங்கள் போதும். என் நோட்டின் முதற் பக்கத்தில் இருப்பது ‘கொடை’.

மூன்று: முடித்த வேலையை நீங்களே மதிப்பிடாதீர்கள். படிக்கத் தெரிந்த பெரியவரிடமும், படிக்கக் கற்கும் குழந்தையிடமும் காட்டுங்கள்.

நான்கு: ஓரத்து வேலை வயலை விழுங்கிவிடலாகாது. பதிவேட்டுக்காக இரவு விழித்த பருவத்தில் என் தேர்வு மதிப்பெண் குறைந்தது. அப்பா கேட்டதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. இப்போது வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே எழுத்துக்கு. மற்றவை படிப்புக்கும் கடைக்கும்.

தாராவியின் மறுசீரமைப்பு நடந்துவரும் காலம் இது. இன்று நான் எழுதிய பலகைகளுள் எத்தனை நாளை இருக்குமோ தெரியாது. ஆனால் ஞாயிறு வகுப்பின் சுவரில் அந்த அட்டை இன்னும் ஒட்டியிருக்கிறது. ‘ஒரே மாதிரி இருக்கே’ என்று சொன்ன சிறுமி இப்போது தெருவின் தமிழ்ப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே நடக்கிறாள். சென்ற வாரம் ஒரு பலகையின் முன் நின்று, “அண்ணா, இதுல மூணு சுழி போடணும், ரெண்டுதான் இருக்கு” என்றாள். பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்தப் பலகையை எழுதியவன் நான்தான்.

நோட்டில் குறித்துக் கொண்டேன்.